தண்டுவடமும் கரண்ட்டும்: ஒரு சின்ன வரலாறு

எங்கள் குமரி மாவட்டத்தில் பனையேறுபவர்களும் தேங்காய் வெட்டுபவர்களும் அதிகம். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரும் அப்படித்தான். அவருடைய அம்மா சமீபத்தில் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்டார்: "மக்களே, இந்த கரண்ட் மிஷினு வச்சா இவன் எந்திரிச்சு நடந்திருவானா? தோப்பு கெடக்கு, வித்திரலாம்."

பி.காம். படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

முதலில், உயிர் பிழைத்த கதை. ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இவர்களுக்கென்றே தனி வார்டு தொடங்கினார். நோயாளிகளை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தார், வேலை கொடுத்தார், விளையாட வைத்தார். பாராலிம்பிக்ஸ் போட்டிக்கு விதை அங்கேதான்.

நம் பக்கம் வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்தார். அவர் முன்நின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது.

நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசி அருகே ஆய்க்குடி. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த இன்ஜினியரிங் மாணவர் ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கரராமன், தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். காமர்ஸ்காரனான எனக்கு இதில் தனிப் பெருமை!

இனி கரண்ட் கதை. 1961-ல் லிபர்சன் என்பவர், பக்கவாதத்தால் பாதம் தொங்கியவர்களின் ஷூவில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் தூக்கும்போது காலின் நரம்புக்குக் கரண்ட் போகும், பாதம் நிமிரும். 1985-ல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு, தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளை வைத்தே கைவிரலை அசைத்துக் காட்டியது. தலையைத் திறக்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை.

தண்டுவடத்தில் அடிபட்டாலும் பலருக்கு நரம்பு இழைகள் முழுக்க அறுந்துவிடுவதில்லை. மிச்சமிருப்பவை வழியாக மூளையின் கட்டளை மெலிசாக வரும். தோலின் மேல் ஒட்டிய தகடு வழியாகச் செல்லும் கரண்ட், கீழே தூங்கும் நரம்புகளை உசுப்பிவிட்டு அந்த மெல்லிய கட்டளையைக் கேட்க வைக்கிறது. கட்டளையை அது தானே தருவதில்லை. 2024-ல் வெளியான ஒரு ஆய்வில், கழுத்தில் அடிபட்டுக் கை செயலிழந்த 60 பேருக்கு இதைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் செயலும் கூடின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

கவனியுங்கள். அனுமதி கைக்குத்தான், காலுக்கு அல்ல. அதுவும் நரம்பு முழுக்க அறுந்துபோகாதவர்களுக்கு, பயிற்சியோடு சேர்த்து. நடக்க வைக்கும் முயற்சிகள் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன.

எங்கள் பாடத்தில் சொல்வதுபோல, மிஷின் நிலை மூலதனம் மட்டுமே. அன்றாடப் பயிற்சியும், புண் வராமல் பார்த்துக்கொள்ளும் கையும்தான் நடைமுறை மூலதனம். அது இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஓடாது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன்: "தோப்ப விக்காதீங்க அத்தை. முதல்ல அண்ணன நல்ல மறுவாழ்வு நிலையத்துல காட்டுவோம். மிஷின் காரியம் அங்க உள்ள டாக்டர்கிட்டயே கேப்போம்."

அண்ணன் கட்டிலில் இருந்தபடி கேட்டார், "எப்ப போலாம்டே?"