எலி பிழைத்தது, குரங்கு உறைந்தது

வாஷிங்டன் நகரை ஒட்டிய பெதெஸ்டாவில்தான் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இருக்கின்றன. 1976-ல் அதே ஊரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த 23 வயது மாணவர் ஒருவர் வீட்டிலேயே சோதனைச்சாலை வைத்துப் போதைமருந்து காய்ச்சிவந்தார். வலிக்குப் போடும் பெத்தடின் ஊசி நம் ஊரிலும் தெரிந்ததுதான். அதற்கு நெருங்கிய உறவான எம்.பி.பி.பி. என்ற பொருள்தான் அவர் தயாரித்தது. மாதக்கணக்கில் தமக்கே போட்டுக்கொண்டும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை அவசரத்தில் குறுக்குவழியில் காய்ச்சினார். அந்தச் சரக்கு உடம்பில் ஏறிய சில நாட்களில் கைகால் விறைத்தது, பேச்சு எழவில்லை, அடியெடுத்து வைக்க முடியவில்லை.

மனச்சிதைவு என்றுதான் மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். 23 வயதில் நடுக்குவாதம் வரும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? லெவோடோபா கொடுத்துப் பார்த்ததும் கட்டு அவிழ்ந்ததுபோல் அசைவு திரும்பியது. அது நடுக்குவாதத்துக்கான மருந்து. விஷயம் தேசிய மனநல நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கிருந்த வேதியியலாளர் சான்ஃபோர்டு மார்க்கி அந்த வீட்டுச் சோதனைச்சாலையின் கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவந்து ஆராய்ந்தார். ஒட்டியிருந்த கசடில் எம்.பி.டி.பி. உட்படச் சில பொருள்கள் கிடைத்தன. அவற்றை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் சற்றே விறைத்தன, விரைவிலேயே பழையபடி ஓடத் தொடங்கின.

எலி பிழைத்துக்கொண்டதால் ஆராய்ச்சி அங்கேயே நின்றது. அந்த மாணவர் 1978-ல் போதைமருந்தால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பட்டை அழிந்திருந்தது தெரிந்தது. நடுக்குவாதத்தில் அழிவதும் அதே பட்டைதான். 1979-ல் இதுபற்றி உளமருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. நரம்பியல் மருத்துவர்கள் அதிகம் புரட்டாத இதழ் அது.

1982 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், சான்டா கிளாரா பள்ளத்தாக்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனை அழைத்தார்கள். 42 வயதுக்காரர் ஒருவர் கண்ணைத் திறந்தபடி சிலையாக இருந்தார். அவர் நடிக்கிறாரா, மனநோயா என்று அங்கே விவாதமே நடந்துகொண்டிருந்தது. நோயாளியின் விரல்கள் மிக லேசாக அசைவது தெரிந்ததும் அவற்றின் இடையில் ஒரு பென்சிலைச் செருகி, அடியில் தாளை வைத்தார்கள். பென்சில் நகர்ந்தது. தனக்கு என்ன ஆகிறது என்று புரியவில்லை, உடம்பு சொன்னபடி கேட்கவில்லை என்று அவர் எழுதினார். உறைந்த உடம்புக்குள் அறிவு முழு விழிப்போடு இருந்தது.

அவருடைய தோழிக்கும் அதே நிலை. பக்கத்து வாட்சன்வில் ஊரில் சகோதரர் இருவருக்கும் அப்படியே என்று இன்னொரு மருத்துவர் மூலம் தெரியவந்தது. தேடத் தேட 6 பேர் அகப்பட்டார்கள். அத்தனை பேரும் தெருவில் விற்ற 'புது ஹெராயின்' போட்டுக்கொண்டவர்கள். சரக்கைச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி எம்.பி.டி.பி.யாகவே இருந்தது. அந்த 1979-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒருவழியாக நினைவுக்கு வந்தது. லாங்ஸ்டன் குழுவின் அறிக்கை 1983-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. எலியின் தீர்ப்பை நம்பி அந்த ஆண்டுகளை இழக்காமலிருந்தால் தெருவில் இந்தச் சரக்கு விற்காமலிருந்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கையாவது எழுந்திருக்கும்.

இதற்கு முன்பு ஆராய்ச்சியாளர்களிடம் நடுக்குவாதத்துக்கு நல்ல விலங்கு மாதிரி இருந்ததில்லை. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 நோயாளிகளை விவரித்து 1817-ல் எழுதினார். கருநிறப் பட்டைதான் இடம் என்று கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகாஃப் பாரிசில் காட்டியது 1919-ல். டோபமைன் என்ற வேதிப்பொருளின் குறை என்று புரிய இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. அதில் இந்திய வேர் ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து எடுத்த ரெசெர்பினை முயல்களுக்குக் கொடுத்து, அவை அசைவற்றுப் போனதும் டோபா செலுத்தி எழுப்பினார் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். 1957-ல் வெளிவந்த அந்த ஆய்வு 2000-ல் நோபல் பரிசு வரை போயிற்று. முயல் எழுந்தது உண்மை. ஆனால் ரெசெர்பின் டோபமைன் இருப்பைக் காலி செய்ததே தவிர, ஒரு நரம்பணுவையும் கொல்லவில்லை.

டோபா என்றதும் சென்னையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். நடுக்குவாதத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அன்று உலகில் எவருக்கும் தெரியாது.

லாங்ஸ்டனின் செய்தி கேட்டதும் பெதெஸ்டாவில் பழைய குடுவைகள் மறுபடி நினைவுக்கு வந்தன. இம்முறை இர்வின் கோபின் குழுவினர் எம்.பி.டி.பி.யை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். சில நாட்களில் குரங்குகள் கூன் விழுந்து உட்கார்ந்தன. இமை பாதி மூடிக்கிடக்க, வாயில் எச்சில் வடிந்தது. கையில் பழத்தை வைத்தாலும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. லெவோடோபா கொடுத்ததும் கூண்டில் ஏறின. மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய இடத்திலேயே சரிந்தன. எலி சொல்லாததைக் குரங்கு சொல்லிவிட்டது. லாங்ஸ்டன் தன் பங்குக்கு அணில் குரங்குகளில் இதையே கண்டார்.

இந்த ரீசஸ் குரங்குக்குத் தனிக் கதை உண்டு. வட இந்தியக் கோவில்களிலும் ரயில் நிலையங்களிலும் திரியும் செம்முகக் குரங்குதான் அது. போலியோ தடுப்பூசி வேலை உச்சத்தில் இருந்த 1950-களில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் அவற்றைக் கதிர்வீச்சுச் சோதனைக்குப் பயன்படுத்துவது வெளியே வந்ததும், மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியையே நிறுத்தியது. சோதனை நடந்த அந்த ஆய்வகமும் பெதெஸ்டாவில்தான் இருந்தது. அதன்பின் அமெரிக்கா தன் நாட்டிலேயே குரங்கு வளர்க்கும் பண்ணைகளை விரிவாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எம்.பி.டி.பி. என்ன செய்கிறது என்பதை அடுத்த 2 ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வேகம் மருத்துவ வரலாற்றில் அபூர்வம். எம்.பி.டி.பி. தானாக நஞ்சு அல்ல. கொழுப்பில் கரைவதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைகிறது. அங்கே நரம்பணுக்களைச் சுற்றியுள்ள துணைச் செல்களில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி அதை எம்.பி.பி. பிளஸ் என்ற பொருளாக மாற்றுகிறது. உண்மையான நஞ்சு இதுதான். டோபமைன் நரம்பணுவின் வெளிச்சுவரில், சிந்திய டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று உண்டு. எம்.பி.பி. பிளஸையும் டோபமைன் என்று எண்ணி அது உள்ளே விட்டுவிடுகிறது. மற்ற நரம்பணுக்களில் அந்த வாசல் இல்லாததால் அவை தப்பிக்கின்றன. உள்ளே போனது நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று, ஆற்றல் உற்பத்தித் தொடரின் முதல் கண்ணியான 'காம்ப்ளெக்ஸ் 1'-ஐ அடைத்துவிடுகிறது. ஆற்றல் வற்றியும், தப்பிய எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் சிதைவாலும் செல் மாய்கிறது.

எலி எப்படித் தப்பியது என்ற கேள்விக்கும் இதில் விடை வந்தது. எலியின் மூளை ரத்தநாளச் சுவர்களிலேயே அந்த நொதி நிறைய இருக்கிறது. மாற்றம் மூளையின் எல்லையிலேயே நடந்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற எம்.பி.பி. பிளஸால் அதற்கு மேல் மூளைக்குள் புக முடிவதில்லை. சுண்டெலி இனங்கள் சிலவற்றில் மட்டும் அதிக அளவு கொடுத்தால் வேலை செய்கிறது.

முன்பு ஒரு களைக்கொல்லியாகப் பரிசோதிக்கப்பட்ட பொருளும் இதே எம்.பி.பி. பிளஸ்தான் என்பது இன்னொரு அதிர்ச்சி. வயலில் தெளிக்கும் பாராகுவாட்டின் அமைப்பும் ஏறத்தாழ இதைப் போன்றது. விவசாயிகளிடையே நடுக்குவாதம் கூடுதலா என்ற ஆய்வுகள் பெருகின. ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் எலியிலும் நோயின் சாயல் வரும் என்று 2000-ல் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். அதுவும் காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைப்பதுதான்.

குரங்கு மாதிரியின் உண்மையான வெற்றி வேறொரு இடத்தில். செல் ஏன் சாகிறது என்பதை அது சொன்னதைவிட, செல் செத்தபின் மூளையின் சுற்றுகள் எப்படிக் குழம்புகின்றன என்பதைத்தான் மிகத் தெளிவாகச் சொன்னது. மாலன் டிலாங், தாமஸ் விஷ்மன், ஹாகை பெர்க்மன் ஆகியோர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ரீசஸ் குரங்குகளில் விறைப்பும் மந்தமும் வந்தாலும் ஓய்வில் வரும் நடுக்கம் சரியாக வராது. பச்சைக் குரங்கில் வரும். மின்முனைகளை இறக்கிக் கேட்டபோது, சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற அவரைவிதை அளவே உள்ள முடிச்சு வெறித்தனமாகத் துடித்துக்கொண்டிருந்தது. டோபமைன் என்ற கடிவாளம் போனதால் வந்த துடிப்பு அது.

அந்த முடிச்சை அழித்தால் என்ன ஆகும்? மருத்துவர்களுக்கு அதில் ஒரு பயம் உண்டு. பக்கவாதத்தில் அந்த இடம் கெட்டவர்களின் கைகால் கட்டுப்பாடில்லாமல் வீசி அடிக்கும் என்பது பழைய பாடம். ஆனாலும் துணிந்து அதில் நச்சு அமிலத்தைச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் உறைந்திருந்த குரங்கு அசையத் தொடங்கியது. நடுக்கமும் அடங்கியது. 1990-ல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது.

இதே நேரத்தில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் என்ற மூளை அறுவை மருத்துவர் வேறு வழியாக அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். மூளையின் தலாமஸ் பகுதியைச் சுடும் அறுவையின்போது, இடம் சரிதானா என்று பார்க்க மின்தூண்டல் கொடுப்பது வழக்கம். நொடிக்கு 100 முறை துடிக்கும் மின்னோட்டத்தில் நோயாளியின் நடுக்கம் சட்டென்று நின்றதை 1987-ல் அவர் கவனித்தார். அழிக்காமல் அடக்கலாம் என்று தெரிந்தது. குரங்குகளின் பாடத்தைக் கேட்டபின் மின்முனையை சப்தலாமிக் நியூக்ளியஸுக்கு மாற்றினார். 1993-ல் முதல் நோயாளிக்குச் செய்தார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-ல் இந்த முறையை நடுக்குவாதத்துக்கு அனுமதித்தது. சென்னை மருத்துவமனைகளில் இன்று மூளைக்குள் கம்பி, நெஞ்சுத் தோலுக்குள் பேட்டரி என்று செய்யும் அறுவை இதுதான். 2014-ல் பெனபிடும் டிலாங்கும் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே குரங்கு ஏமாற்றவும் செய்தது. ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் டோபமைன் செல்களுக்கு உரமாகும் என்று எம்.பி.டி.பி. குரங்குகளில் அழகாகத் தெரிந்தது. மனிதர்களின் மூளைக் குழிகளில் செலுத்தியபோது பயன் இல்லை. திரவம் தேவையான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஒரு விளக்கம். வேறு சில செல்காப்பு மருந்துகளுக்கும் இதே கதி நேர்ந்தது. மோனோஅமைன் ஆக்சிடேஸைத் தடுக்கும் செலெகிலின் கொடுத்தால் எம்.பி.டி.பி. தீங்கு செய்வதில்லை என்று கண்டதும், 1987-ல் 800 நோயாளிகளோடு பெரிய பரிசோதனை தொடங்கியது. லெவோடோபா தேவைப்படும் நாள் தள்ளிப்போனது. செல்கள் காக்கப்பட்டதாலா, அறிகுறி மட்டும் தணிந்ததாலா என்பதில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. அறிகுறிப் பக்கமே கடைசியில் பெரும்பாலானோர் சாய்ந்தனர்.

காரணம் வெளிப்படை என்றே தோன்றுகிறது. மனிதரில் நோய் பத்தாண்டுகளாக ஊர்ந்து வருகிறது. மலச்சிக்கல், முகர்திறன் இழப்பு, தூக்கத்தில் கைகாலை வீசுதல் என்று நடுக்கத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. குரங்கில் நஞ்சு சில நாட்களில் வேலையை முடித்து வெளியேறுகிறது. நோயாளியின் நரம்பணுக்களில் ஃபிரீட்ரிக் லெவி 1912-ல் கண்ட உருண்டைகள் சாதாரண எம்.பி.டி.பி. குரங்கில் சரியாக உருவாவதே இல்லை. அந்த உருண்டைகள் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து திரண்டவை என்பது 1997-ல் தெரிந்தது. அதே ஆண்டு இத்தாலியின் கொன்டுர்சி ஊரைச் சேர்ந்த குடும்பமொன்றில் அதன் மரபணுப் பிழையும் பிடிபட்டது. அதன்பின் ஆராய்ச்சியின் கவனம் நஞ்சிலிருந்து புரதத்துக்குத் திரும்பியது. 2014-ல் போர்தோவில் எர்வான் பெசார் குழுவினர், இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த லெவி உருண்டைச் சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். நரம்பணுச் சிதைவு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவியது. நோயின் நடைக்கு இது இன்னும் நெருக்கம்.

இதற்கெல்லாம் குரங்குகள் கொடுத்த விலை பெரிது. நஞ்சு ஏறிய பின் தானாகச் சாப்பிட முடியாத குரங்குக்கு ஆளே ஊட்ட வேண்டும், குழாய் வழியாகவும் கொடுக்க வேண்டும், மருந்து தவறினால் அது பிழைக்காது. இந்தச் சோதனைகள் தேவையா என்ற கேள்வி ஆய்வகத்துக்கு உள்ளேயும் கேட்கப்படுவதுதான். சுற்றுகளைப் பற்றிய ஆய்வுக்கு அவை ஈடு இல்லாதவை என்பதை டிலாங்கின் கதை காட்டுகிறது. நோயின் தொடக்கம் பற்றிய கேள்விக்கு அதே வாதத்தை அப்படியே நீட்டுவது கஷ்டம்.

ஜப்பானின் கியோட்டோவில் ஜுன் தகஹாஷியின் குழு செய்தது இந்தக் குரங்குகளின் இன்னொரு பயன்பாடு. மனிதத் தண்டுசெல்லிலிருந்து வளர்த்த டோபமைன் செல்களை எம்.பி.டி.பி. குரங்குகளின் மூளையில் நட்டு 2 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். அசைவு தேறியது, கட்டி எதுவும் வரவில்லை. 2017-ல் அந்த முடிவு வந்தது. 2018-ல் முதல் மனிதருக்கு நட்டார்கள். 2025 ஏப்ரலில் 7 பேரின் முடிவு 'நேச்சர்' இதழில் வெளியானது. கடுமையான பக்கவிளைவு இல்லை. பலன் மதிப்பிடப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மருந்தில்லாத வேளையில் அசைவு மேம்பட்டிருந்தது.