இடைக்கணிப்பு: நிலையும் சுழற்சியும்

நகரும் பொருளின் இரண்டு நிலைகள் தெரிந்திருக்க, அவற்றுக்கு நடுவே அது எங்கே இருக்கும், எப்பக்கம் திரும்பியிருக்கும் என்று கணிக்கும் முறை. இன்று கணினி விளையாட்டு நிரலாளரின் அன்றாட வேலை. முன்பு வானியலாரின் வேலை.

அவர்களின் சைன் அட்டவணையில் இல்லாத கோணங்களுக்கு நேர்விகிதமே தொடக்கத்தில் போதுமானதாக இருந்தது. அதைத் திருத்தியவர் பிரம்மகுப்தர். 665இல் எழுதிய கண்டகாத்யகம் என்னும் நூலில் ஆரம் 150 எனக் கொண்டு, 15 பாகைக்கு ஒன்றாகச் சைன் வேறுபாடுகளைத் தருகிறார்: 39, 36, 31, 24, 15, 5. முதல் மூன்றையும் கூட்டினால் 45 பாகைக்கு 106. 57 பாகைக்கு நேர்விகிதம் தருவது 125.2. பிரம்மகுப்தரோ 31, 24 இரண்டின் சராசரியிலிருந்து, அவற்றின் வித்தியாசத்தில் பாதியை 12/15 ஆல் பெருக்கிக் கழிக்கிறார். அப்படித் திருத்திய வேறுபாட்டைக் கொண்டு விகிதம் பார்த்தால் 125.76. உண்மை மதிப்பு 125.80. வேறுபாடே மாறிக்கொண்டு போவதைக் கணக்கில் கொண்ட அழகான விதி இது. இதை அவர் இதற்கும் முன்பே ஒரு சிறுநூலில் எழுதிவிட்டார் என்போர் உண்டு. ஏறத்தாழ 600இல் சீனாவின் லியூ சுவோ கையாண்ட முறையோடு இதற்குத் தொடர்பு உண்டா என்பது முடிவாகவில்லை.

தமிழ்நாட்டு வாக்கிய முறை 248 நாள்களுக்குச் சந்திரன் நிலையை வாக்கியங்களாக மனப்பாடம் செய்யவைத்தது. இரு நாள்களுக்கு இடைப்பட்ட நாழிகைக்கு விகிதம் பார்த்தார்கள். 1825இல் சென்னையில் வெளியான ஜான் வாரனின் காலசங்கலிதம், தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியே கிரகணம் கணித்ததைப் பதிவுசெய்கிறது. இலங்கை எங்கும் தமிழர் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதத்தையும் இன்றும் பார்க்கின்றனர். புத்தாண்டுப் பிறப்புக்கு இரண்டும் வெவ்வேறு நேரம் சொல்வதுண்டு.

ஐரோப்பாவில் நியூட்டனும் லக்ராஞ்சும் இடைக்கணிப்பைப் பொதுமைப்படுத்தினர்.

சுழற்சிக்கு இந்த முறைகள் போதவில்லை. பொருள் திரும்பியிருக்கும் பக்கத்தைக் குறிக்கும் மூன்று கோணங்களைத் தனித்தனியே கணித்தால் பொருள் கோணலாகத் திரும்பும். சில நிலைகளில் இரண்டு அச்சுகள் ஒன்றாகிவிடும். ஹாமில்டன் 1843இல் கண்ட, நான்கு எண்களாலான குவாட்டர்னியன்களை 1985இல் கென் ஷூமேக் இதற்குப் பயன்படுத்தினார்: குறுகிய வில்லின் வழியே சீரான வேகம். இதுவே ஸ்லெர்ப். நேர்க்குறி, எதிர்க்குறிக் குவாட்டர்னியன்கள் ஒரே நிலையையே குறிப்பதால், தேவையானபோது ஒன்றின் குறியை மாற்றாவிட்டால் பொருள் நீண்ட வழியில் சுற்றிவரும். குவாட்டர்னியன்களை விளையாட்டுக்குக் கொண்டுவந்தது 1996இன் டூம் ரெய்டர்தான் எனச் சொல்லப்படுவதுண்டு, இது உறுதியானதல்ல.

யூனிட்டி என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளில் நிலைக்கு நேர்விகித முறையான லெர்ப், சுழற்சிக்கு ஸ்லெர்ப் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தும் வழக்கத்தில், ஒரு விநாடிக்குப் பின் 30 ஃபிரேம் கருவியில் 4 சதவீதமும், 60 ஃபிரேம் கருவியில் 0.2 சதவீதமும் எஞ்சும். கடந்த நேரத்தை அடுக்கில் சேர்த்தால் இந்த வேறுபாடு நீங்கும்.