காந்த நாடாவிலிருந்து மீளும் கோப்புகள்

தஞ்சை மாவட்டத்தின் தெற்கே, பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் அதிராம்பட்டினம். உப்பளங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வூரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் ஒன்று இருக்கிறது. மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் நீர் சேர்ந்தது, காற்று எத்திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசியது, வெப்பம் எவ்வளவு என்று நாள்தோறும் அளந்து குறிப்பது அதன் பணி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் காய்த்துக் குலுங்கிய தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. தென்னங்கன்று நட்டுப் பலன் காணப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, மறுபடியும் கன்று நடப் போகும் உழவர், “இப்படிப்பட்ட புயல் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்?” என்று கேட்பது இயல்பே. இதற்கு விடை தேட வேண்டுமானால் பழைய பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும். 1952 நவம்பர் 30 அன்றும், 1977 நவம்பர் 12 அன்றும் நாகை வட்டாரத்துக் கரையைக் கடும்புயல்கள் தாக்கியிருக்கின்றன. அந்நாட்களின் காற்றும் மழையும் எண்களாக நம்மிடம் இருந்தால்தான் கணக்கே போட முடியும்.

அந்த எண்கள் எங்கே இருக்கின்றன? நாடெங்கும் உள்ள நிலையங்களின் குறிப்புகள் புனே நகரில் உள்ள வானிலைத் துறையின் தேசியத் தரவு மையத்தில் சேர்கின்றன. காகிதத்தில் எழுதியவை துளை அட்டைகளுக்கும், பிறகு காந்த நாடாக்களுக்கும், பிறகு காந்தத் தட்டுகளுக்கும் மாறின. இவ்வாறு பெயர்த்துப் பெயர்த்துக் காத்து வந்ததன் பயனை 2014-ல் கண்டோம். 1901 முதல் 2010 வரை, 6,955 மழைமானிகளின் அளவுகளைக் கொண்டு இந்தியா முழுவதற்கும் நாள்வாரி மழைக் கணக்கு ஒன்றை அத்துறையின் அறிஞர்கள் வெளியிட்டனர். இந்த நெடும் பயணத்தில் காந்த நாடாவின் பங்கு என்ன? நாடாவில் வைத்த கோப்பை மீட்பது எப்படி? இவற்றை இங்கே காண்போம்.

நாடா பிறந்த கதை

1928-ல் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஃப்ளோய்மர், காகித நாடாவில் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பூசி, அதில் ஒலியைப் பதியலாம் என்று காட்டினார். 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டோபோன்’ என்ற ஒலிப்பதிவுக் கருவி மக்கள் பார்வைக்கு வந்தது. பாட்டைப் பதியும் நாடா எண்களையும் பதியாதா? 1951-ல் அமெரிக்காவின் ‘யூனிவாக்’ கணிப்பொறி உலோக நாடாவைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டே ஐபிஎம் நிறுவனம் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டு வந்தது. எடை குறைந்த அந்த நாடாவே பிற்காலத்தில் நிலைத்தது.

1964-க்குப் பிறகு உலகெங்கும் பரவியது அரை அங்குல அகலமுள்ள ஒன்பது தட நாடா. அகலவாக்கில் எட்டுப் புள்ளிகள் சேர்ந்து ஓர் எழுத்து. ஒன்பதாவது புள்ளி காவற்காரன். ஒன்பது புள்ளிகளிலும் உள்ள ‘ஒன்று’களைக் கூட்டினால் எப்போதும் ஒற்றைப்படை வரும்படி அதைப் பதிவார்கள். படிக்கும்போது இரட்டைப்படை வந்தால், எங்கோ ஒரு புள்ளி கெட்டுவிட்டது என்று கணிப்பொறி அறிந்துகொள்ளும்.

ஒரு சுருளின் நீளம் 2,400 அடி. அங்குலத்துக்கு 1,600 எழுத்து வீதம் இடைவெளியின்றிப் பதிந்தால் 4 கோடியே 60 லட்சம் எழுத்துகள் அடங்கும். பதிவுத் தொகுதிகளுக்கு இடையே வெற்றிடம் விட வேண்டியிருப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கொள்ளும்.

பேரேடும் குறிப்பேடும்

காப்புப் பதிவை நம் கடைத்தெரு வணிகர்களின் கணக்கு முறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வாரம் ஒரு முறை எல்லாக் கோப்புகளையும் நாடாவில் முழுமையாகப் பதிவது பேரேட்டைப் படியெடுப்பது போன்றது. அதன்பின் நாள்தோறும் மாறிய கோப்புகளை மட்டும் பதிவது குறிப்பேடு எழுதுவது போன்றது.

வியாழக்கிழமை தட்டு பழுதானால் என்ன செய்வது? முதலில் ஞாயிறன்று பதிந்த முழு நாடாவைப் படித்து ஏற்ற வேண்டும். அதன்மேல் திங்கள், செவ்வாய், புதன் நாடாக்களை அதே வரிசையில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் புதிய கோப்பின்மேல் பழைய கோப்பு வந்து உட்கார்ந்துவிடும். நாடாவில் நடுப்பக்கத்தைப் புரட்டும் வசதியும் கிடையாது. வேண்டிய கோப்பு கடைசியில் இருந்தால், அதுவரை சுருளை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

புதிய பதிவு சரியென்று உறுதியாகும் வரை முந்தைய இரண்டு பதிவுகளையும் அழிக்காமல் வைப்பது மரபு. இதற்குப் ‘பாட்டன், தந்தை, மகன்’ முறை என்று பெயர். மகன் கெட்டால் தந்தையும், தந்தையும் கெட்டால் பாட்டனும் கைகொடுப்பர். தவறி மேலே எழுதிவிடாமலிருக்கவும் ஒரு வழி இருந்தது. சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் நாடாவில் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும்.

மீட்கப் போனபோது

இவ்வளவு ஏற்பாடும் பலித்ததா என்பது மீட்கும் நாளில்தான் தெரியும். 1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. காப்பு நாடாவை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. ஊழியர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்த படியே அப்படத்தைக் காப்பாற்றியது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினரின் கடிதங்கள் மறைந்தன. பல இடங்களில் தட்டுகளில் வைத்திருந்த படிகளையும் அதே மென்பொருட் பிழை தாக்கியது. கணிப்பொறியுடன் இணைக்கப்படாமல் தனியே இருந்த நாடாவை அப்பிழை அணுக முடியவில்லை. அந்த நாடாவிலிருந்தே கடிதங்கள் மீண்டன.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் பொறி வேண்டுமே! 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ‘லூனார் ஆர்பிட்டர்’ கலங்கள் எடுத்த நிலவுப் படங்கள் நாடாக்களில் இருந்தன. அவற்றை ஓட்டும் பொறிகள் வழக்கொழிந்துவிட்டன. நான்சி எவான்ஸ் என்ற அம்மையார் அந்தப் பழம்பொறிகள் சிலவற்றைத் தூக்கி எறியாமல் காத்து வைத்திருந்ததால், 2008-ல் அப்படங்களை முன்னிலும் தெளிவாக மீட்க முடிந்தது.

இந்தச் சிக்கலின் சாயலை நம் நாடும் கண்டதுண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐபிஎம் 370 கணிப்பொறி செயல்படத் தொடங்கியது. 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. நாட்டில் இருந்த அதன் பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. பொறி நின்றுபோனால் அதன் நாடாக்களும் ஊமையாகிவிடும் அல்லவா?

ஈரமும் நாடாவும்

நாடாவின் மற்றொரு பகை ஈரம். இரும்புத் தூளைப் பிளாஸ்டிக்கில் பிடித்து வைப்பது ஒருவகைப் பசை. சிலவகைப் பசைகள் காற்றின் ஈரத்தை உண்டு, காலப்போக்கில் பிசுபிசுத்துப் போகின்றன. அந்த நிலையில் நாடாவை ஓட்டினால் தூள் உரிந்து, பதிவே போய்விடும். எனவே சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்குகிறார்கள். இவ்வாறு தற்காலிகமாகத் தேறிய நாடாவை உடனே ஓட்டி, வேறொன்றில் படியெடுத்துவிட வேண்டும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் சாதாரண அலமாரி நாடாவுக்கு ஏற்ற இடமன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

ஏடு பெயர்த்த மரபு

காவிரிக் கரைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பனையோலை ஏடு செல்லரிக்கும், ஒடியும் என்பதை நம் முன்னோர் அறிவர். ஏடு முற்றும் சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தார்கள். தஞ்சை சரசுவதி மகாலில் இன்று நாம் காணும் சுவடிகள் பலவும் அப்படி வந்தவையே. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்களில் கிடைத்த படிகளை ஒப்பிட்டே சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏடு காட்டிக் கொடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும் என்று இன்றைய கணிப்பொறி வல்லுநர் சொல்வதும் இதையே.

காந்த நாடா மறைந்துவிடவில்லை. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை எல்.டி.ஓ. பேழை ஒன்றில் 18 டெராபைட், அதாவது 18 லட்சம் கோடி எழுத்துகள் அடங்கும். ஆனால் அதை ஓட்டும் பொறி ஏழாம் தலைமுறைப் பேழையைப் படிக்காது. ஆகவே பெயர்த்து எழுதும் வேலை இன்றும் ஓய்ந்தபாடில்லை. காப்புப் பதிவு வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு நாடாவை எடுத்து, ஒரு கோப்பை மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அதிராம்பட்டினத்தில் இன்று காலை குறித்த மழையளவு, ஐம்பது ஆண்டுக்குப் பின் கன்று நடும் உழவருக்குத் தேவைப்படும். அது அவர் கைக்குப் போய்ச் சேருமா என்பது, இடையில் உள்ளவர்கள் எத்தனை முறை அதைத் திரும்பப் படித்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.