கடைசல் ரகசியம் வெளியே வந்த கதை

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் மரவேலைக் கண்காட்சி நடக்குதுன்னு வைங்க. பெரிய ஹால். ரம்பம், உளி, பசை, மெஷின்னு எல்லாம் விற்பனைக்கு. ஒரு ஸ்டாலில் மட்டும் கூட்டம் நகரவே மாட்டேங்குது. அங்கே ரிட்டயர் ஆன ஒரு தாத்தா, முகக்கவசம் மாட்டிக்கிட்டு, லேத்தில் சுழலும் கட்டை மேல உளியை வைக்கிறார். சீவல் ரிப்பன் மாதிரி பறக்குது. சில நிமிஷத்தில் ஒரு பம்பரம்! முன்னாடி நிற்கிற குழந்தை கையில் கொடுத்துடுறார். காசு கிடையாது. உளியை எப்படிப் பிடிச்சீங்கன்னு கேட்டா, பொறுமையா சொல்லியும் தருவார். அவர் உள்ளூர் கடைசல் க்ளப் உறுப்பினர்.

கடைசல்னா, கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொண்டுவர்றது. கட்டில் கால், மரச்சொப்பு எல்லாம் இப்படி வந்ததுதான். தயிர் கடையறதுக்கும் நம்மகிட்ட இதே சொல்தான். மத்தில் கயிறு சுத்தி இழுக்கிறதையும், கயிறு இழுத்து ஓட்டின பழைய லேத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கும்.

சரி, அந்தத் தாத்தாகிட்ட வருவோம். முன்பின் தெரியாதவங்களுக்கு அவர் வித்தையைச் சொல்லித் தர்றார் பாருங்க, வரலாற்றில் இது ரொம்பப் புதுசு. லண்டன் கடைசல்காரர்களுக்கு ஒரு கில்டு இருந்தது. 1604-ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதுக்கு அரச சாசனம் கொடுத்தார். தொழிலுக்குள் நுழையணும்னா வழக்கமா ஏழு வருஷம் ஒரு மாஸ்டர்கிட்ட அப்ரென்டிஸா இருக்கணும். அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. வித்தைதான் சோறு போடுது, அதை ஏன் வெளியாளுக்குக் கொடுக்கணும்?

அப்புறம் ஃபாக்டரி வந்தது. இங்கிலாந்தில் ஹை விக்கம் பக்கத்துக் காடுகளில் ‘பாட்ஜர்’னு ஒரு கூட்டம். பச்சை மரத்தை அங்கேயே வெட்டி, காலால் மிதிக்கிற லேத்தில் நாற்காலிக் கால் கடைஞ்சு, ஊருக்குள்ள இருந்த நாற்காலிக் கம்பெனிகளுக்கு வித்தாங்க. மெஷின் ஒரே அளவில் கால்களைத் தள்ள ஆரம்பிச்சதும், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பிழைப்பு முடிஞ்சுபோச்சு. காப்பாத்த ரகசியம் இருந்தது, அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

கடைசல் மறுபடி எழுந்தது பொழுதுபோக்கா. ஆனா கராஜில் தனியா லேத் வச்சிருந்தவங்களுக்கு மாஸ்டரும் இல்லை, கில்டும் இல்லை. 1976-ல் ஆல்பர்ட் லெகாஃப், அவர் சகோதரர் ஆலன், பாமர் ஷார்ப்லெஸ் மூணு பேரும் பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஸ்கூலில் கடைசல்காரர்களைக் கூட்ட ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்தில் பேர் வாங்கினவர்களில் ஒருவர் டேவிட் எல்ஸ்வொர்த். சின்ன ஓட்டை வழியா வளைஞ்ச உளியை விட்டு, ஜாடியின் உட்புறத்தைக் குடைஞ்சு எடுப்பார். உள்ளே நடக்கிறது கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வையும் காதையும் நம்பித்தான் வேலை. சுவர் மெலிய மெலிய சத்தம் மாறும். கொஞ்சம் கூடுதலா அழுத்தினா மொத்த உழைப்பும் தூள். பழைய கில்டுக்காரரா இருந்தா இந்த வித்தையைப் பூட்டி வச்சிருப்பார். இவர் வகுப்பு எடுத்தார். 1986-ல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் உருவானப்போ முதல் தலைவரும் இவரே. அடுத்த வருஷம் பிரிட்டனிலும் ஒரு சங்கம். அமெரிக்கச் சங்கத்தோட இணைஞ்ச உள்ளூர் க்ளப்கள் இன்னைக்கு 300-க்கும் மேல.

கோட் எழுதுற எனக்கு இது உடனே ஓப்பன் சோர்ஸை ஞாபகப்படுத்துது. அங்கே இருக்கிற சிக்கல் இங்கேயும் இருக்கு. கண்காட்சிங்கிறது ஒரு சந்தை. பல இடங்களில் க்ளப்புக்கு ஸ்டால் சும்மா கிடைக்குது, ஏன்னா லேத் ஓடினா கூட்டம் நிற்கும், பக்கத்துக் கடையில் லேத் விற்கும். பம்பரம் ஃப்ரீ, லேத் ஃப்ரீ இல்லை. சம்பளமே வாங்காம விளம்பரம் பண்றாங்களேன்னு எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செஞ்சது.

ஆனா க்ளப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. உறுப்பினர்களில் பெரும்பாலானவங்க வயசானவங்க. ஏழு வருஷம் அப்ரென்டிஸ் போடுறேன்னு இப்போ யாரும் வாசலில் நிற்கிறதில்லை. அதனால தாத்தா பம்பரத்தைக் குழந்தை கையில் கொடுத்துட்டு, பின்னாடி நிற்கிற அதோட அம்மாகிட்ட ஒரு நோட்டீஸை நீட்டுறார். அடுத்த மாச மீட்டிங் தேதி அதுல இருக்கு.