கார் சுத்தினால் கள்ளன் போவானா?

பொலிஸ் கார் தெருவில சுத்திக்கொண்டே இருந்தால் கள்ளன் கிட்ட வரமாட்டான் என்று சொன்னால் யாரும் தலையாட்டுவோம். அமெரிக்கப் பொலிசும் பல பத்தாண்டுகள் அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. அதைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் பேர்போனது மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டி.

1972 ஒக்டோபரில் நகரின் தெற்கே 15 ரோந்து வட்டாரங்களை ஐந்தைந்தாகப் பிரித்தார்கள். முதல் ஐந்தில் வழமையான ரோந்து இல்லை. யாராவது கூப்பிட்டால் மட்டும் பொலிஸ் உள்ளே போகும். அடுத்த ஐந்தில் எப்போதும்போல ஒரு கார். மிச்ச ஐந்தில் இரண்டு, மூன்று மடங்கு ரோந்து.

ஒரு வருடம் இப்படியே போனது. 1974இல் ஜோர்ஜ் கெலிங் குழுவினரின் அறிக்கை வந்தது. குற்றத்திலும் சரி, சனங்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோந்து கூடினதையும் குறைஞ்சதையும் சனங்கள் கவனிக்கவே இல்லை!

அப்ப பொலிசே வேண்டாமா? அப்படியில்லை. முதல் ஐந்திலும் கூப்பிட்டவுடன் கார் வந்தது. பொலிசை முற்றாக எடுத்துவிட்டுப் பார்த்த சோதனை இல்லை இது. பிறகு 1988-89இல் மினியாபொலிஸில் ஷெர்மனும் வைஸ்பேர்டும் குற்றம் குவியும் 110 இடங்களைத் தெரிந்தெடுத்து, பாதியில் மட்டும் ரோந்தைக் கூட்டினார்கள். அங்கே குற்ற அழைப்புகள் ஓரளவு குறைந்தன.

ஆகவே "ரோந்தைக் கூட்டுவோம்" என்று எந்த அரசியல்வாதி சொன்னாலும், கைதட்ட முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே? எதுக்கு?