'இனாகுரேட்' வந்த வழி

நூமா ரோமுக்கு அரசரான சடங்கை வரலாற்றாசிரியர் லிவி தன் ரோம வரலாற்று நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். கோட்டைக் குன்றின் மேல் ஒரு கல்லில் நூமாவைத் தெற்கு நோக்கி உட்கார வைக்கிறார்கள். முக்காடிட்ட பூசகர் ஒருவர் அவருக்கு இடப்பக்கம் அமர்கிறார். அவர் கையில் கணுவில்லாத, நுனி வளைந்த கோல். அதைக் கொண்டு வானத்தை இன்ன திசை, இன்ன எல்லை என்று பகுக்கிறார். பிறகு கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நூமாவின் தலைமேல் வைத்து, சம்மதத்துக்கு அடையாளம் காட்டும்படி ஜூபிடரிடம் வேண்டுகிறார். அடையாளம் கிடைத்த பிறகே நூமா அரசர்.

அந்தப் பூசகருக்கு 'ஆகுர்' என்று பெயர். பறவை பறக்கும் திசை, எழுப்பும் குரல் இவற்றைக் கொண்டு தெய்வத்தின் மனதை அறிந்து சொல்வது அவர் வேலை. பெரிய இடத்துப் பதவி அது. ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோவுக்கே கிமு 53இல்தான் கிடைத்தது. ஆகுர் நிமித்தம் பார்த்து ஒன்றைத் தொடங்கிவைப்பதை லத்தீனில் 'இனாகுராரே' என்றார்கள். ஆங்கிலத்தின் 'இனாகுரேட்' அதன் பிள்ளை. புள் நிமித்தம் பார்த்த நம் முன்னோருக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்.

கூடாது என்ற பதிலும் வரலாம் என்பதுதான் அந்தச் சடங்கின் உயிர். கிமு 249இல் சிசிலியின் திரெபானாவில் கடற்போர். புறப்படுமுன் நிமித்தம் பார்க்கப் புனிதக் கோழிகளுக்கு இரை வைத்தார்கள், அவை தொடவில்லை; கூடாது என்று பொருள். தளபதி கிளாடியஸ் புல்கர் அவற்றைக் கடலில் எறியச் சொன்னார் என்பது ரோமர் சொல்லிவந்த கதை. அன்றைய போரில் ரோம் 93 கப்பல்களைப் பறிகொடுத்தது.

1600ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது 'இனாகுரேட்' என்ற வினைச்சொல்லில் பறவை இல்லை. மரியாதை மட்டும் மிஞ்சியிருந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் பதவியேற்ற பிறகு, 'இனாகுரேஷன்' என்றாலே அமெரிக்க அதிபரின் பதவியேற்பு என்றாகிவிட்டது. நம் ஊரில் அது பாலம், பள்ளிக் கட்டடம், நகைக்கடை என்று எல்லாத் திறப்பு விழாக்களுக்கும் வந்துவிட்டது. புதிய காலகட்டத்தைத் தொடங்கிவைப்பதையும் அதே சொல்லால் குறிக்கலாம்.

வீட்டுப்பாடத்தையோ சமையலையோ யாரும் 'இனாகுரேட்' செய்வதில்லை. அதற்கு 'ஸ்டார்ட்' இருக்கிறது. அழைப்பிதழ் எழுதுகிறவர்கள், நாலு பேர் முன்னால் முறைப்படி தொடங்குவதற்கு மட்டும் 'இனாகுரேட்' போடுங்கள். மற்றதற்கெல்லாம் 'ஓப்பன்' போதும்.