சர்ப்பகந்தா: பித்து மருந்திலிருந்து இரத்த அழுத்த மருந்துக்கு

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடியாகும். இந்தியா, இலங்கை, மியன்மார் ஆகிய நாடுகளின் ஈரமான காடுகளில் வளர்கிறது. மருந்தாகப் பயன்படுவது இதன் வேர். இதன் தாவரவியல் பெயர் ராவுல்ஃபியா செர்பென்டினா. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ராவுல்ஃபின் நினைவாக இப்பேரினத்துக்குப் பெயரிடப்பட்டது. அவரோ இந்தியாவுக்கு வந்தவர் அல்லர்.

இச்செடியை இரத்த அழுத்தத்துக்கான பழங்கால மருந்து என்று இன்று பலரும் எழுதுகின்றனர். இது சரியன்று. கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல்தான் வெளியிட்டார். அதற்கு முன் அப்படி ஒரு நோயை எளிதில் அளந்து அறிய முடியவில்லை. நாட்டு மருத்துவர்கள் இவ்வேரைப் பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் கொடுத்தனர். பீகாரில் இதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். பாம்புக்கடிக்கு இது பயன்படும் என்பதற்குச் சான்றில்லை. மனத்தை அமைதிப்படுத்தும் என்பது மெய்யாயிற்று.

1931இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் இவ்வேர் மனநோயைத் தணிப்பதுடன் உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி வேரிலிருந்து அல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் எனப் பெயரிட்டார். இதயத்தின் மின்துடிப்புக் கோளாறான புருகாடா நோயைக் கண்டறிய மருத்துவமனைகளில் அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது.

ஆனால் இவ்விரண்டு ஆய்வுகளும் இந்தியாவுக்கு வெளியே பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். அதன் பிறகே மேலைநாடுகள் விழித்துக்கொண்டன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர்.

ரிசர்பின், நரம்பு முனைகளில் நோரட்ரினலின் சேமிக்கப்படுவதைத் தடுக்கிறது. இருப்பு தீர்ந்ததும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. மூளையிலும் இதுவே நிகழ்கிறது. பித்தைத் தணித்த குணமும் அழுத்தத்தைக் குறைத்த குணமும் வெவ்வேறல்ல. மருந்து உட்கொண்ட சிலருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டதை 1950களிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அப்போது கொடுக்கப்பட்ட அளவும் மிகுதி. மூலிகை என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். வேர்ப்பொடியில் அல்கலாய்டின் அளவு செடிக்குச் செடி மாறுவதால், மருத்துவர் கண்காணிப்பின்றி அதை உட்கொள்வது ஆபத்தானது.

பின்னர் வந்த புதிய மருந்துகளால் ரிசர்பினின் பயன்பாடு குறைந்தது. எனினும் காட்டில் செடி குறைந்துகொண்டே வந்தது. இலை மருந்தானால் கிள்ளி எடுக்கலாம். வேர் மருந்தானால் செடியையே பிடுங்க வேண்டும். 1990 முதல் அழிவாய்ப்பு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தா இடம்பெற்றுள்ளது.